சமவெளியில் உட்கார்ந்து மலைச்சாமியை வரைவது

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். கேட்டவர் கொருக்குப்பேட்டைக்காரர். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் ஓவியம் வரைகிறார். மலை, மலைத்தெய்வம், காடு இவற்றை வைத்து ஒரு வரிசை ஓவியங்கள் செய்ய ஆசை. வருஷா வருஷம் வெள்ளியங்கிரி ஏறுகிற அவருடைய மாமா சொன்ன கதைகள்தான் அதற்கு விதை. சந்தேகம் மூன்று. இப்படிப்பட்ட ஓவியம் இயற்கைக் காட்சியில் சேருமா, சாமி படத்தில் சேருமா? மலையே இல்லாத வடசென்னையில் இருந்துகொண்டு இதை வரைவது போலித்தனம் ஆகாதா? மூல ஓவியங்களை எங்கே போய்ப் பார்ப்பது?

முதல் சந்தேகத்தை எடுத்துக்கொள்வோம். இந்த வகை ஓவியங்களில் மலை ஒரு ஆள். அதற்குப் பசிக்கும், கோபம் வரும், நீங்கள் கொடுத்த வாக்கை மறக்காது. அதன் எல்லைக்குள் கால் வைக்கிறவர் சில காரியங்களைச் செய்தே ஆக வேண்டும், சிலவற்றைச் செய்யவே கூடாது. அந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான் ஓவியம் பேசுகிறது. மலை பார்க்க எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம். அதனால் இப்படி ஒரு படம் கண்ணில் பட்டால், யார் வரைந்தார்கள், என்ன காரியத்துக்காக, வரைந்து முடித்த பிறகு அதை என்ன செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பாதி விளங்கிவிடும்.

ஒடிசாவில் கிழக்குத் தொடர்ச்சி மலையில் வாழும் லஞ்சியா சவரர் என்ற பழங்குடியினர் வீட்டு உட்சுவரில் 'இடிதல்' என்று ஒன்று எழுதுவார்கள். செம்மண் பூசிய சுவரில் வெள்ளையாய் ஒரு கட்டம், அதற்குள் மனிதர், குதிரை, யானை, மரம். வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனாலோ, செத்தவர்களுக்குச் செய்யவேண்டிய கடன் இருந்தாலோ, விளைச்சல் நன்றாக இருக்க வேண்டும் என்றாலோ எழுதுவது. ஆவி வந்து தங்க அது ஒரு வீடு. குஜராத்தில் சோட்டா உதேபூர் மலைப்பக்கத்து ராத்வா மக்களின் பித்தோரா ஓவியம் இன்னும் சுவாரசியமானது. அது நேர்த்திக்கடனுக்காக எழுதுகிற படம். எழுதி முடித்ததும் பூசாரி சாமி வந்து ஆடியபடியே படத்தைப் பார்வையிடுவார். எந்தக் குதிரை விட்டுப்போனது, எது சரியில்லை என்று அவர் சொன்னால் சேர்த்தாக வேண்டும். ஓவியத்துக்கு விமர்சகர் சாமியாடிதான். நம் ஊர்க் கண்காட்சிகளிலும் அப்படி ஒருவர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

இப்போது உங்கள் மாமாவின் வெள்ளியங்கிரிக்கு வருவோம். ஏழு மலை ஏறுவதாகச் சொல்வார்கள். வழியில் என்னவெல்லாம் வருகிறது என்று அவரிடமே கேளுங்கள்: பாம்பாட்டி சுனை, கைதட்டி சுனை, பீமன் களியுருண்டை, ஆண்டி சுனை, கடைசியில் குகைக்குள் சுயம்பு லிங்கம். ஒவ்வொரு பாறைக்கும் ஒவ்வொரு நீரூற்றுக்கும் ஒரு கதை ஒட்டியிருக்கிறது. கைதட்டினால் சுனையில் தண்ணீர் சுரக்கும் என்பது நம்பிக்கை. உருண்டையான பெரும் பாறை பீமன் உருட்டிவைத்த களி. நிலத்தைப் படிக்கிற ஒரு முறை இது. நல்ல கேமராவில் எடுத்த வெள்ளியங்கிரிப் படத்தில் இதில் ஒன்றுகூடத் தெரியாது, பனிமூட்டமும் பச்சையும்தான் தெரியும். மாமா வாயால் கேட்ட வெள்ளியங்கிரி ஒரு பாதை. மூங்கில் தடி, இருட்டு, முட்டிவலி, ஊற்று, சிரிப்பு எல்லாம் அதில் இருக்கிறது. வரைய வேண்டியது அந்தப் பாதையை என்பேன்.

தமிழ்நாட்டில் இதற்கு நேரடி முன்னோடி வேண்டுமானால் நீலகிரியின் ஆலு குறும்பர் பழங்குடியினரைப் பாருங்கள். கோத்தகிரிப் பக்கத்து வெள்ளரிக்கொம்பை ஊருக்கு அருகே பழைய பாறை ஓவியங்கள் உண்டு. எழுதியவர்கள் தங்கள் முன்னோர்கள் என்பது அந்த ஊரார் நம்பிக்கை. கோயிலைக் கவனித்துக்கொள்ளும் பூசாரிக் குடும்பத்து ஆண்கள் திருவிழாவை ஒட்டி சுவரில் எழுதுவதும், பெண்கள் வாசலையும் ஜன்னலையும் சுற்றி அலங்காரம் எழுதுவதும் அங்கே வழக்கம். அடிப்படை நிறம் நான்குதான்: சிவப்பு மண், வெள்ளை மண், கரி, இலைப் பச்சை. வேங்கை மரத்துப் பிசின் தருகிற செம்பழுப்பு அதில் தனி அழகு.

அவர்கள் அதிகம் வரைகிற ஒன்று தேன் எடுப்பு. செங்குத்தான பாறையின் விளிம்பிலிருந்து கொடியேணி தொங்கும், ஒருவர் இறங்குவார், கீழே புகை, பாறையில் அடை அடையாய்த் தேன்கூடு. மேலே கொடியைக் காவல் காக்க மைத்துனர் நிற்க வேண்டும் என்பது வழக்கம். தன் அக்காவோ தங்கையோ தாலி இழக்க அவர் விடமாட்டார் என்ற கணக்கு! தேனெடுக்கப் போவதற்கு முன் நோன்பும் வேண்டுதலும் உண்டு. இதெல்லாம் தெரிந்துகொண்டு படத்தைப் பாருங்கள். பாறை முகம் ஏன் படத்தின் முக்கால் பங்கை அடைத்துக்கொள்கிறது, ஆள் ஏன் விரல் அளவு இருக்கிறார், மேலே நிற்பவர் ஏன் கீழே தொங்குபவருக்குச் சமமாக முக்கியம் பெறுகிறார் என்பது புரியும். தூரம், நிழல், பார்வைக்கோணம் எதுவும் அதில் இருக்காது. முக்கியமானது பெரிதாக இருக்கும், அவ்வளவுதான்.

சென்னையின் சி.பி. ராமசாமி ஐயர் அறக்கட்டளை இந்த ஓவியத்தைச் சுவரிலிருந்து காகிதத்துக்கும் துணிக்கும் கொண்டுவர உதவியது. அதனால்தான் இன்று நம்மைப் போன்றவர்கள் அதைப் பார்க்க முடிகிறது. ஆனால் சுவரில் திருவிழாவுக்காக எழுதியது வேறு, விற்பனைக்காக ஒரு தாளில் எழுதியது வேறு. தாளில் வந்ததும் நாலு பக்கமும் கட்டம் வந்துவிடுகிறது, ஒரு கதை, ஒரு தலைப்பு வந்துவிடுகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வயிற்றுப்பாடு என்று ஒன்று இருக்கிறது, அதோடு தாளில் இல்லாவிட்டால் இந்நேரம் அது அழிந்தே போயிருக்கலாம். எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பார்த்தால் போதும்.

இரண்டாவது சந்தேகம்தான் உங்களை அதிகம் அரிக்கிறது என்று நினைக்கிறேன். உண்மைதான், வடசென்னையில் கண்ணுக்குத் தெரிகிற ஒரே மேடு கொடுங்கையூர் குப்பைமேடு. எண்ணூர் பக்கம் போனால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி. ஆனாலும் மலையை வணங்குகிற ஓவியங்களில் ஒரு பெரிய பங்கு மலைக்குப் போக முடியாதவர்களுக்காகவே எழுதப்பட்டது. அதற்கு நல்ல உதாரணம் உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது.

சௌகார்பேட்டை ஜைனர்களைக் கேளுங்கள். குஜராத்தில் பாலிதானா ஊரை ஒட்டிய சத்ருஞ்சய மலை சுவேதாம்பர ஜைனர்களுக்குத் தலையாய புனிதத் தலம். ஏறக்குறைய மூவாயிரத்து ஐந்நூறு படி, மேலே எண்ணூறுக்கும் மேற்பட்ட கோயில்கள். மழைக்கால நான்கு மாதம் யாரும் ஏறுவதில்லை. கார்த்திகைப் பௌர்ணமி அன்றுதான் யாத்திரை திரும்பத் தொடங்கும். அன்று அங்கே போக முடியாதவர்கள் என்ன செய்வது? மலையையே பெரிய துணியில் எழுதி, ஊரில் ஓரிடத்தில் விரித்துக் கட்டி, அதன் முன் நின்று வணங்குகிறார்கள். சத்ருஞ்சய பட்டம் என்று பெயர். சில பட்டங்கள் ஒரு சுவரையே மறைக்கும் அளவு பெரியவை.

அந்தப் பட்டத்தில் மலை, பறவை பார்ப்பது போல மேலிருந்து தெரியும், அதே சமயம் கோயில்கள் நேரே முன்னால் நின்று பார்ப்பது போல நிமிர்ந்து நிற்கும். இரண்டு பார்வையும் ஒரே படத்தில். பாதை வளைந்து வளைந்து போகும். அதில் கூட்டம் கூட்டமாய் எறும்பு அளவு யாத்ரீகர்கள், சிலர் டோலியில். பார்ப்பவர் அடிவாரத்தில் கண்ணை வைத்துப் படிப்படியாய் மேலே கொண்டுபோக வேண்டும். மனத்தால் ஏறி முடித்தால் யாத்திரை. உங்கள் வெள்ளியங்கிரி வரிசைக்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தோன்றவில்லை. ஜைனக் கோயில்கள் பலவற்றில் இதே மலையைச் சலவைக்கல்லில் புடைப்பாகச் செதுக்கி வண்ணம் தீட்டியும் வைத்திருப்பார்கள். மின்ட் தெருப் பக்கத்துக் கோயில்களில் கேட்டுப் பாருங்கள். தோல் பொருள் எதுவும் இல்லாமல் போங்கள், உள்ளே படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள்.

இந்த யோசனை பல நாட்டில் பலருக்கு வந்திருக்கிறது. சீனாவில் சோங் பிங் என்றொரு ஓவியர் (375–443), வாழ்நாளெல்லாம் மலை மலையாய் அலைந்தவர். வயதாகி உடம்பு ஒத்துழைக்காதபோது, பார்த்த மலைகளைத் தன் அறைச் சுவரில் வரைந்து, படுத்தபடியே அவற்றில் உலவுவதாகச் சொன்னார். ஜப்பானில் 18ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்து மக்கள் தெருக்கோடியில் ஃபூஜி மலையின் குட்டி நகலை மண்ணால் குவித்து, நிஜ மலையிலிருந்து எரிமலைக் கல்லைக் கொண்டுவந்து பதித்து, அதன்மேல் ஏறி வணங்கினார்கள். பெண்கள் ஃபூஜி உச்சிக்குப் போக அப்போது தடை இருந்தது, நகலில் அவ்வளவு கெடுபிடி இல்லை.

நம் ஊரில் புரட்டாசியில் திருப்பதிக் குடை போகிறதே, அதுவும் இந்தக் கணக்கில்தான் வரும். பூக்கடைப் பக்கம் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பி, மாலையில் குடைகள் யானைக்கவுனியைத் தாண்டும்போது கேட்கிற கோவிந்தா சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். அந்த நேரத்தில் வால்டாக்ஸ் சாலையில் நிற்கிறவருக்கு ஏழுமலை எவ்வளவு தூரம்? மலைச்சாமிக்கு நிழல் பிடிக்கிற பொருள் நம் தெரு வழியாகப் போகிறது. மலை இல்லாத ஊரின் மலை பக்தி இப்படித்தான் இருக்கும், அதில் போலித்தனம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் வெள்ளைக் குடைகள், பின்னால் பழைய கட்டடங்கள், மின்கம்பிகள், மொட்டை மாடியில் நிற்கும் பெண்கள் என்று அதையே ஒரு மலை ஓவியமாக நீங்கள் வரையலாம். மலை படத்தில் தெரிய வேண்டும் என்று யார் சொன்னது?

நவீன ஓவியர்கள் பக்கம் வந்தால், எல்லாரும் முதலில் நிகோலாய் ரோரிக்கைத்தான் சொல்வார்கள். ரஷ்யாவில் பிறந்து (1874), 1928இல் இமாச்சலத்தில் குலு பள்ளத்தாக்கின் நக்கரில் குடியேறி, 1947இல் அங்கேயே இறந்தவர். டெம்பராவில் (முட்டைக்கரு, பசை போன்றவற்றில் குழைத்த வண்ணம்) அவர் தீட்டிய இமயத்தின் நீலத்தையும் ஊதாவையும் ஒருமுறை பார்த்தால் மறக்காது. பிரம்மஞான சபையோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. 1925இல் அடையாறுக்கு வந்தபோது தன் ஓவியம் ஒன்றைச் சபைக்குக் கொடுத்தார். ஆனால் எனக்கு அவரிடம் ஒரு மனத்தாங்கல். குலுவின் சாமிகள் சும்மா சிகரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் இல்லை. தசராவுக்கு ஒவ்வொரு ஊர்ச் சாமியும் உலோக முகங்களோடு பல்லக்கில் ஏறி, மேளதாளத்தோடு தால்பூர் மைதானத்துக்கு வந்து சேரும். தோளில் தூக்குபவர்களை இழுத்துக்கொண்டு ஆடும், ஒன்றுக்கொன்று உறவு கொண்டாடும், கோபித்துக்கொள்ளும். அந்தச் சந்தடியெல்லாம் ரோரிக்கின் படங்களில் அடங்கிவிடுகிறது. ஒரு ஞானி, ஒரு சிகரம், பெரிய அமைதி. குதிரையேறிய நாட்டார் தெய்வமான குகா சௌகானை அவர் வரைந்திருக்கிறார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் மொத்தமாகப் பார்த்தால் அந்த மலை வெளியூரிலிருந்து வந்த தேடுபவரின் மலை. ஆரம்பத்திலேயே அவரைப் பார்த்து நகல் எடுத்தால் அந்த நீலம் உங்கள் கையை விட்டுப் போகாது, எச்சரிக்கை.

அவரைவிட உங்களுக்குப் பயன்படுகிறவர் ஜே. சுவாமிநாதன். தமிழ்க் குடும்பம், பிறந்தது சிம்லாவில் (1928). ஒரு மலை, ஒரு மரம், ஒரு பறவை இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் வரைந்தார். தட்டையான மஞ்சளோ சிவப்போ பின்னணி. அதில் ஒரு பாறை கனமே இல்லாமல் மிதக்கும், மேலே ஒரு பறவை. அந்தத் தட்டை வண்ணத்தைப் பார்த்தால் இமய அடிவாரத்து அரசவைகளில் வளர்ந்த பஹாடிச் சிற்றோவியம், அதிலும் பசோலி பாணி, நினைவுக்கு வரும். சாமி என்று எதையும் அவர் வரையவில்லை, ஆனால் படத்துக்கு முன் நிற்கும்போது குரலைத் தாழ்த்தத் தோன்றும்.

1982இல் போபாலில் பாரத் பவன் என்ற கலை மையம் திறந்தபோது அதன் கலைக்கூடத்தை உருவாக்கியவரும் அவரே. பழங்குடி ஓவியத்தையும் நகரத்து நவீன ஓவியத்தையும் ஒரே கூரையின் கீழ் சமமாக வைத்தார். அவர் அனுப்பிய குழு மத்தியப் பிரதேசத்தின் மைக்கல் மலைப்பக்கத்துப் பாட்டன்கர் கிராமத்தில் கண்ட இளைஞர்தான் ஜங்கட் சிங் ஷ்யாம். அவருடைய பர்தான் கோண்டு இனத்தார் பாணா என்ற நரம்புக் கருவியை மீட்டிச் சாமி கதை பாடுகிறவர்கள். சாமிக்குப் பாட்டு இருந்தது, படம் இல்லை. படாதேவ் என்ற பெருந்தெய்வம் சாஜா மரத்தில் குடியிருப்பதாக நம்பிக்கை, அதற்கு முகம் எதற்கு? ஜங்கட் அந்தப் பாட்டுகளுக்கு உருவம் கொடுத்தார், புள்ளியாலும் கோட்டாலும். 2001இல் ஜப்பானில், நாற்பது வயதுகூட ஆகாமல், இறந்துபோனார். கேட்ட கதையிலிருந்து உருவத்துக்குப் போவது எப்படி என்பதற்கு அவரைவிட நல்ல பாடம் கிடையாது. உங்கள் மாமாவும் உங்களுக்குக் கதைதானே தந்திருக்கிறார்.

கொரிய பௌத்தக் கோயில்களில் மலைச்சாமிக்கென்று தனிச் சிறு சன்னிதி இருக்கும். உள்ளே வெண்தாடிக் கிழவர், பக்கத்தில் புலி, பின்னால் பைன் மரம் என்று ஒரு படம். அந்தப் புலிகள் சில நேரம் பூனை போல விழிக்கும், தேடிப் பாருங்கள். சிக்கிமில் காஞ்சன்ஜங்கா சிவந்த முகத்தோடு பனிச்சிங்கத்தின் மேல் ஏறிவரும் காவல் தெய்வம். 1955இல் அதன் உச்சியை முதலில் எட்டியவர்கள், சிக்கிம் அரசருக்குக் கொடுத்த வாக்கின்படி, கடைசிச் சில அடியை மிதிக்காமல் திரும்பினார்கள். உச்சியைக் காலியாக விடுவது என்பது ஓவியத்திலும் செய்யக்கூடிய ஒன்று. வெள்ளியங்கிரி வரையும்போது ஏழாவது மலைக்கு என்ன செய்வது என்று திணறினால் இதை யோசியுங்கள்.

சரி, எங்கே பார்ப்பது? எழும்பூர் அருங்காட்சியகத்தின் மானுடவியல் பகுதியில் தொடங்குங்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் ஓவியங்கள் அல்ல, பழங்குடியினரின் பொருள்கள். ஓவியத்துக்குள் வருகிற பொருள்களின் நிஜ வடிவம் தெரிய வேண்டுமே. விழுப்புரம் – திருக்கோவிலூர் சாலையில் கீழ்வாலைப் பாறைகளில் செங்காவியில் எழுதிய பழைய உருவங்கள் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வரலாம். நிறம் தெளிவாகத் தெரியட்டும் என்று பாறையில் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள், காவி கரைந்து போகும். ரோரிக்கின் படங்களுக்கு பெங்களூரு சித்ரகலா பரிஷத். சென்ட்ரலில் காலை ரயில் ஏறினால் மாலைக்குள் பார்த்துவிடலாம். ஊட்டிக்குப் போனால் பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். வெள்ளரிக்கொம்பைப் பாறைக்குப் போக நினைத்தால் வனத்துறை அனுமதியும் ஊரார் சம்மதமும் இல்லாமல் கிளம்பக் கூடாது.

ஒரு விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருப்பேன். வார்லி உருவங்களை அப்படியே தூக்கிவந்து காபி கடைச் சுவரில் ஒட்டுகிற வேலை இப்போது நிறைய நடக்கிறது. மகாராஷ்டிர வார்லி மக்கள் கல்யாணத்துக்கு எழுதுகிற கட்டத்துக்குள் பாலகாட்டா என்ற தாய்த்தெய்வம் இருப்பாள். அவள் இல்லாமல் கல்யாணமே இல்லை. கடைச் சுவரில் குச்சி மனிதர்கள் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், தாயைக் காணோம். குறும்பர் ஓவியமும் அப்படி ஆகிவிடக் கூடாது. அவர்களிடமிருந்து யோசிக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள், அவர்களுடைய உருவங்களை விட்டுவிடுங்கள். வீட்டில் மாட்ட ஆசை இருந்தால் அவர்களிடமே காசு கொடுத்து வாங்குங்கள்.

வண்ணத்துக்கு அக்ரிலிக் போதும், அதில் குற்றம் ஏதும் இல்லை. மண் வண்ணம் முயல வேண்டும் என்றால் ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடைகளில் காவிக்கல்லும் கருவேலம் பிசினும் கிடைக்கும். வேங்கைப் பிசினும் கேட்டுப் பாருங்கள், குழந்தைகளுக்குப் பொட்டு வைக்கிறார்களே அதே வேங்கைப் பால்தான். காவியை இடித்து, துணியில் சலித்து, தண்ணீரில் கலக்கி, கனமான மணல் அடியில் தங்கியதும் மேலே நிற்கும் கலங்கல் நீரை வேறு பாத்திரத்தில் ஊற்றுங்கள். அது வண்டலாய்ப் படிந்து காய்ந்தால் நல்ல வழுவழுப்பான நிறம். பிசின் அதிகமானால் காய்ந்தபின் வெடிக்கும், குறைந்தால் விரலில் ஒட்டிக்கொண்டு வரும். சின்னத் துண்டுத் துணியில் பார்த்துவிட்டுப் பெரியதில் இறங்குங்கள். இலைச்சாற்றுப் பச்சையை மட்டும் நம்பாதீர்கள், வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும்.

உங்கள் பக்கம் கடல் காற்றில் ஈரமும் உப்பும் ஜாஸ்தி. பிசின் கலந்த வண்ணத்தில் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். படத்தைச் சுவரோடு ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு மாட்டுங்கள், மழைக்காலத்தில் இறக்கிப் பின்பக்கத்தைப் பாருங்கள். சட்டம் போட தேவராஜ முதலி தெருவுக்குப் போனால், கண்ணாடி வண்ணத்தில் உரசாதபடி நடுவில் அட்டை வைத்துத் தரச் சொல்லுங்கள். கேட்டால் செய்து தருவார்கள், கேட்காவிட்டால் அப்படியே அழுத்தி ஆணி அடித்துவிடுவார்கள்.